கேரம் போர்டில் செய்த துடுப்பு

அந்த அக்கா வீட்டில் எந்தப் பொருளும் தன் சொந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. கம்பி ஒடியாத நல்ல குடை ஒன்று கொக்கியில் தலைகீழாகத் தொங்கும். அதற்குள் வெங்காயம் இருக்கும். வாசலில் தபால் பெட்டிக்குப் பதில் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி. மேலடுக்கில் கரண்ட் பில், நடு அடுக்கில் கடிதம், கீழடுக்கில் போஸ்ட்மேனுக்கு முறுக்கு. இஸ்திரிப் பெட்டி மல்லாந்து படுத்துப் பால் காய்ச்சும். ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தபோது அக்கா கடைக்குப் போகவில்லை. தன் வீட்டுக்காரரின், நாங்கள் சார் என்று கூப்பிடுபவரின், முழங்கால் எக்ஸ்ரேயை எடுத்து அந்தச் சட்டத்தில் ஒட்டிவிட்டார். காலையில் வெயில் வந்ததும் சாரின் முழங்கால் தரையில் விழும். பிறகு மெல்ல நகர்ந்து நகர்ந்து சுவரில் ஏறி, சாமி அலமாரிக்குப் போய்விடும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அது போவதையே பார்த்திருப்பேன்.

"சார் சாமிய உதைக்கிறாருக்கா" என்பேன்.

"வாய மூடிட்டு டீயக் குடிலே. ஆறுது" என்பார்.

அக்காவின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதையும் எடுத்து வேறு எதற்காவது பயன்படுத்திவிடுவார்.

புனேயில் கட்கியில் ஒரே கட்டிடத்தில் இருந்தோம். தரைத் தளத்தில் நாங்கள், வேலூர்ப் பக்கத்து ஆட்கள். என் அப்பா காலத்திலேயே வந்துவிட்டதால் எங்கள் தமிழில் பாதி இந்தி, கால்வாசி மராட்டி. மூன்றாம் மாடியில் அக்காவும் சாரும், திருநெல்வேலிக்காரர்கள். சாருக்கு ராணுவக் கணக்கு ஆபீசில் வேலை. அக்காவுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாபோடியில் ஒரு பால்வாடியில் வேலை. நான் பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை விழுந்து எழுந்து, போசரியில் ஒரு ஃபைபர் பட்டறையில் தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் தடவை விழுந்தபோது அம்மா எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதாள். படியிறங்கி வந்த அக்கா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பழைய சாமானைப் பார்ப்பதுபோல.

"ஏன் அழுதிய? இவன் படிக்கதுக்குச் செஞ்ச ஆளு இல்ல. இவ்ளோ ஒசரம் பின்ன எதுக்கு இருக்கு?"

அன்றிலிருந்து கட்டிடத்தில் பல்பு மாற்ற, ஒட்டடை அடிக்க, ஆண்டெனா திருப்ப எல்லாவற்றுக்கும் நான்தான். அம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். எனக்கும் ஏணியாக இருப்பது பரீட்சை எழுதுவதைவிடச் சுலபமாக இருந்தது.

அக்கா தினமும் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போவார். பாலத்தில் ஏறியதும் பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள், ஆற்றின் வாசனை அப்படி. அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் நகருவார். கீழே காலேஜ் பையன்கள் ஒல்லியான நீளப் படகில் உட்கார்ந்து துடுப்பு வலிப்பார்கள். ஒருநாள் நானும் அதே பஸ்ஸில் இருந்தேன்.

"சத்தமே இல்லாமப் போறானுவ பாருலே" என்றார். "அவனுவ போன பொறவுதான் தண்ணிக்கே தெரியுது."

"நம்ம பஸ்ஸு வந்தா பிம்ப்ரி வரைக்கும் தெரியும்" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. பாலம் முடிந்த பிறகும் தலை திரும்பியே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு அந்தப் படகு கிளப்புக்குப் போனார். கழுத்தில் விசில் மாட்டிய கோச் ஒருவர் இருந்தார். அக்காவின் இந்தி திருநெல்வேலி வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். எனக்கும் துடுப்பு போடக் கற்றுக்கொடு என்றார். கோச் வயது கேட்டார். முப்பத்தொன்பது என்றார் அக்கா. கோச் கெட்ட மனிதர் இல்லை, லேசாகத்தான் சிரித்தார். இது உறுப்பினர்களுக்கு மட்டும், படகெல்லாம் பொத்திப் பொத்தி வைக்கிற சாமான், சொந்தமாகப் படகு வைத்திருந்தால் ஏரியில் போய் ஓட்டிக்கொள்ளுங்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்றார். எங்களை அனுப்பிவிடுவதற்காகச் சொன்ன பேச்சு அது. நான் பைக்கை உதைத்தேன். பின்னால் உட்கார்ந்த அக்கா கேட்டார்:

"ஏரின்னா எந்த ஏரிலே?"

படகுக்கென்று ஒரு பலகை கிடைத்தது காசர்வாடியில் ஒரு பங்கார் கடையில். பழைய இரும்பு வாங்கி விற்கிற கடையை இங்கே அப்படித்தான் சொல்வோம். இரண்டு டிரம் மேல் ஒரு நீள வெள்ளைப் பலகையைப் போட்டு, கடைக்காரர் அதில் சம்மணம் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். மூக்கு நசுங்கி, வயிற்றில் கை நீளத்துக்கு விரிசல், நடுவில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு பிளவு. விமானத்தின் இறக்கை என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். ஆனால் பலகையின் ஓரத்தில் ஒரு மங்கிய ஸ்டிக்கர் இருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரன் இதே மாதிரிப் பலகை மேல் நின்று, ஒரு பாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கடல் மேல் காற்றோடு பறந்தான்.

"பாய் எங்கக்கா?" என்றேன். "பாய் இல்லாம காத்துல எப்படி ஓடும்? நின்னுக்கிட்டு வேற ஓட்டணும் போல."

அக்கா விரிசலில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "நமக்கு எதுக்கு நிக்க? உக்காந்துக்கிடலாம்."

கடைக்காரருக்கு வேண்டியது உட்கார ஒரு இடம். எங்கள் மொட்டை மாடியில் கிடந்த பழைய கதவைக் கொண்டுவந்து அவர் டிரம் மேல் போட்டோம். கதவு அகலமாக இருக்கிறது, காலை நீட்டலாம் என்று அவருக்குச் சந்தோஷம். பலகையைத் தூக்கியபோதுதான் தெரிந்தது, அது எருமைக் கனம் கனத்தது. உள்ளே தெர்மகோல் மாதிரி நுரை இருக்கும். அது வருஷக்கணக்காகத் தண்ணீர் குடித்திருந்தது.

மாடிப்படி வளைவில் அதை மூக்கு கீழே இருக்கும்படி தொங்கவிட்டார் அக்கா. சொட்டத் தொடங்கியது. கீழே குக்கர் வைத்தார். ராத்திரியும் பகலும் சொட்டியது. படியேறும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒருமுறை நின்று அதைக் கேட்டுவிட்டுப் போனார். நான் அதற்கு குளூக்கோஸ் பாட்டில் என்று பெயர் வைத்தேன். மூன்றாம் நாள் அக்கா குக்கரில் விரலை முக்கி நாக்கில் வைத்தார்.

"உப்புக் கரிக்குதுலே. கடல்."

நானும் நக்கிப் பார்த்தேன். கரித்தது. எந்த ஊர்க் கடலோ, எத்தனை வருஷமோ, கட்கியில் மூன்றாம் மாடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் எனக்குக் கிண்டல் வரவில்லை. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு, எங்கள் கட்டிடம் முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பதுபோலவும் அம்மா மீன்களை ஓட்டிவிட்டுத் துணி மடிப்பதுபோலவும் நினைத்துக்கொண்டேன்.

பலகை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும்போதே சாருக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. ஜபல்பூர். ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். "அப்போ இது வேகமாக் காயணும்" என்றார்.

ஜபல்பூருக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, சத்தமில்லாமல் தண்ணீர் மேல் போக வேண்டும். அக்கா வேறு எதுவும் கேட்கவில்லை. சார் சாமான் கட்டவேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். கட்டுதேன் என்றார் அக்கா. தண்ணி ஒண்ணும் வெளையாட்டு கெடையாது என்று சொல்லிப் பார்த்தார். அக்கா குக்கரில் நிறைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தார். கடைசியில் சார் என்னைப் பார்த்து, "நீதாம்ல ஏத்தி விடுத" என்றார். ஏற்றிவிட்டது நானில்லை. ஆனால் கெடுத்தது நான்.

எங்கள் பட்டறையில் உடைந்தது எதுவானாலும் ஒரே மருந்து. டப்பாவிலிருந்து ரெசின் ஊற்று, கெட்டியாக்கும் மருந்து நாலு சொட்டு விடு, கண்ணாடி நார்ப் பாயை வைத்து பிரஷ்ஷால் குத்து. தொட்டி, டெம்போ கூரை, கணபதி சிலையின் தும்பிக்கை எல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பாவோடு வந்தேன்.

"இது நுரைக்கு ஒத்துக்கிடுமாலே?"

"நான் இருக்கேன்லக்கா. இந்தக் கைல ஐந்நூறு தொட்டி."

விரிசலுக்குள் ஊற்றினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து 'சொர்ர்' என்று ஒரு சத்தம், சோடாவைத் திறந்த மாதிரி. ரெசின் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் உள்ளே இறங்கிக்கொண்டே போனது. டார்ச் அடித்துப் பார்த்தோம். வெள்ளை நுரை சர்க்கரைபோலக் கரைந்து விலகிக்கொண்டிருந்தது. பட்டறையில் நாங்கள் தொட்டதெல்லாம் இரும்பு, மரம், ஃபைபர். இந்த ரெசின் நுரையைத் தின்னும் என்பது எனக்குத் தெரியாது. அது நின்றபோது இடது பக்கம் ஒரு பூசணிக்காய் வைக்கிற அளவுக்குக் குகை இருந்தது. மேல் தோடு மட்டும் அப்பளம்போல் நின்றது. ரயிலுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அக்கா திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். அவர் குகைக்குள் டார்ச் அடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"சரி. இது எதைத்தான் திங்காது?" என்றார்.

அன்று மாலை முழுக்க வீட்டிலுள்ள ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு ரெசின் விட்டுப் பார்த்தார். தெர்மகோல் மூடி போயிற்று. சோப்பு டப்பா இளகிக் குழிந்தது. தேங்காய்ச் சிரட்டை அசையவில்லை, ஆனால் கனம். கடைசியில் சாரின் கேமரா ரோல் வந்த கறுப்பு டப்பி ஒன்று அகப்பட்டது. மூடி டப்பென்று மூடும், காற்று உள்ளேயே நிற்கும், இறகு மாதிரிக் கனமில்லை. சொட்டு விட்டார். ஒன்றும் ஆகவில்லை.

கட்கியில் இருந்த எல்லா ஸ்டூடியோவுக்கும் என்னை ஓட்டினார். குப்பையில் போடுகிற டப்பிதானே, மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் ஏரியாவில் கல்யாணம் செய்துகொண்டவர்கள், காது குத்தியவர்கள் அத்தனை பேரின் டப்பியும் அந்தக் குகைக்குள் போயிருக்கும். மிச்ச நுரையை ரெசின் தொடாமலிருக்க, மரம் ஒட்டுகிற வெள்ளைப் பசையைத் தடவி, பழைய வாரப் பத்திரிகைகளை அடுக்கடுக்காக ஒட்டினார். ஒட்டும்போது நடுநடுவே நின்று படிப்பார். "இந்தக் கதைல அவ என்ன ஆனான்னு அடுத்த வாரம்தான் தெரியுமாம்" என்று சொல்லிக்கொண்டே அவளைக் குகைச் சுவரோடு ஒட்டுவார். பசை காய்ந்த பிறகுதான் என் ரெசினை உள்ளே விட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது வைத்துக் கேட்டேன். சத்தம் வரவில்லை.

ஜபல்பூர் போன பிறகு அக்கா எனக்கு ஒரே ஒரு கடிதம் போட்டார். பலகையைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. பழைய சைக்கிள் டயரை வைத்து என்ன செய்தார் என்று ஒரு பக்கம். கீழே, பரீட்சை எழுதினாயா என்று ஒரு கேள்வி. நான் பதில் போடவில்லை. இப்போது ஹிஞ்சேவாடிக்கு ஐ.டி. ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி கார் ஓட்டுகிறேன். சிக்னலில் முக்கால் மணி நேரம் நிற்கும்போது, இந்தக் காரை வைத்து அக்கா என்ன செய்வார் என்று யோசிப்பேன். நிச்சயம் ஓட்டமாட்டார்.

பலகையின் மிச்ச வேலை எட்டு நாளில் முடிந்தது. நடுப் பிளவை அரிவாள்மனைப் பலகையை அறுத்து அடைத்தார். துடுப்பு போடுகிறவர்கள் முன்னும் பின்னும் நகர்ந்துதான் வலிப்பார்கள் என்று பாலத்திலிருந்து பார்த்து வைத்திருந்தார். சாரின் ஆபீஸ் மேசை டிராயர் ஓடும் தண்டவாளத்தைப் பலகை மேல் பொருத்தி, அதில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பாகத்தை ஓடவிட்டார். கால் வைக்க சாரின் ரப்பர் செருப்பு ஜோடியைக் கட்டையில் திருகினார். மடக்குக் கட்டிலின் குழாய் இரண்டு பக்கமும் கைபோல நீண்டது. துடுப்பைப் பிடித்துக்கொள்ள அதன் நுனியில் சாரின் பழைய பெல்ட்டுகள். மூங்கில் தடியின் முனையில் தட்டையாக என்ன வைப்பது என்று யோசித்து, கேரம் போர்டை இரண்டாக அறுத்தார். நடுவிலிருந்த சிவப்பு வட்டம் ஆளுக்குப் பாதியாகப் போனது.

சார் ஆபீசிலிருந்து வந்து இதையெல்லாம் பார்த்தார். "நான் ஒருத்தன்தான் மிச்சம்" என்றார்.

"நீங்க இருங்க. பொறவு பாக்கலாம்" என்றார் அக்கா.

வியாழக்கிழமை ரயில். அதற்கு முந்தைய ஞாயிறு விடிகாலையில் வெங்காய டெம்போ ஒன்றில் பலகையை ஏற்றிக் கடக்வாஸ்லா ஏரிக்குப் போனோம். அணைப் பக்கம் போகாமல், எருமைகள் இறங்கும் ஒரு புல்கரையில் இறக்கினோம். மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஏரி முழுக்கப் பனிமூட்டம், அக்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றும் தெரியவில்லை.

சார் மங்கி கேப்பும் ஸ்வெட்டருமாக, மடியில் ஒரு பையோடு வந்திருந்தார். பையைத் திறந்து நீல நைலான் கொடிக்கயிறு முழுச் சுருளையும் எடுத்தார். ஒரு முனையைப் பலகையின் வாலில் கட்டினார், ஆபீஸ் ஃபைலைக் கட்டுவதுபோல மூன்று முடிச்சு. மறுமுனையை என்னிடம் கொடுத்தார்.

"எனக்கு முட்டு இழுக்க விடாது. நீ புடி. கயிறு இருக்கமட்டும் போகட்டும். முடிஞ்ச ஒடனே இழுத்துரணும்."

அக்காவுக்குக் கேட்டது. சேலையை ஏற்றிச் செருகி, உள்ளே சாரின் பைஜாமாவுடன், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கயிற்றைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார்.

உட்கார்ந்த வேகத்தில் பலகை கவிழ்ந்தது. சார் "ஏட்டி" என்று ஒரு அடி வைத்து நின்றுவிட்டார். தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிய எழுந்த அக்கா மறுபடி ஏறினார். மறுபடி விழுந்தார். மூன்றாம் தடவை ஏறியபோது, இரண்டு கேரம் துடுப்பையும் தண்ணீர் மேல் தட்டையாக விரித்து வைத்துக்கொண்டு அப்படியே அசையாமல் இருந்தார். பலகை யோசித்தது. பிறகு நின்றது. இடது பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. என் ரெசின் தின்ற பக்கம்.

ஒரு வலி வலித்தார். டிராயர் தண்டவாளத்துக்குத் தேங்காயெண்ணெய் விட்டிருந்ததால் அது கிறீச்சிடவில்லை. இன்னொரு வலி. துடுப்பு மேலே வரும்போது பாதிச் சிவப்பு வட்டம் தெரியும், உள்ளே போகும்போது மறையும். என் கையிலிருந்து நீலக் கயிறு புல்லை உரசிக்கொண்டு ஓடியது. முதலில் கோணலாகப் போனார், பிறகு நேராக. பத்துப் பதினைந்து வலிக்குப் பிறகு அவர் தோள் எங்கே முடிந்து துடுப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சத்தமே இல்லை. எருமை ஒன்று காதை ஆட்டியதுதான் கேட்டது.

கயிறு முடிந்தது. என் மணிக்கட்டு இழுபட்டது. பலகை அங்கே சட்டென்று நின்று, லேசாகத் திரும்பியது.

அக்கா கத்தவில்லை. கையைக் காட்டவில்லை. துடுப்பு வலிக்கிறவர்கள் போகிற திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் முகம் எங்கள் பக்கமே இருந்தது. துடுப்புகளைத் தட்டையாக வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி இருந்தார். பின்னால் முழு ஏரியும் பனியும். நான் சார் பக்கம் திரும்பினேன்.

"இழுக்கவா சார்?"

சார் நொண்டி நொண்டி வந்து கயிற்றை என் கையிலிருந்து வாங்கினார். அவரே இழுக்கப்போகிறார் என்று நினைத்தேன். நாடி பார்ப்பவர் மாதிரி இரண்டு விரலில் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்த முனையிலிருந்து அக்காவின் அசைவு கயிற்றில் வந்துகொண்டிருந்தது, லேசாக, லேசாக. பிறகு விரலைத் திறந்தார். நீலக் கயிறு புல்லில் நழுவி, சேற்றில் நழுவி, தண்ணீருக்குள் போனது.

"சார், கொடிக்கயிறு."

"ஜபல்பூர்ல வேற வாங்கிக்கிடலாம்."

அங்கே கயிறு தளர்ந்தது அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்னால் குனிந்து, கைமாற்றிக் கைமாற்றி அவ்வளவு கயிற்றையும் உள்ளே இழுத்துக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டார். ஒரு தடவை நிமிர்ந்து கரையைப் பார்த்தார். சார் கையை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டார். பிறகு துடுப்பு மறுபடி தண்ணீரில் இறங்கியது.

நம்மைவிட்டுப் போகிறவர்களின் முதுகைத்தான் அதுவரை நான் பார்த்திருந்தேன். அக்கா முகத்தைக் காட்டிக்கொண்டே போனார். கண் தெரிந்தது, பிறகு பொட்டு மட்டும் தெரிந்தது, பிறகு முகம் என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. பனி அதையும் வாங்கிக்கொண்டது.

சார் ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்தார்.

"ஒனக்கு நீச்சல் தெரியுமாலே?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது."

எருமைகள் தண்ணீரில் இறங்கின. டெம்போக்காரன் வண்டிக்குள் தூங்கிவிட்டிருந்தான்.

"அவளுக்குத் தெரியும்" என்றார் சார். "நல்லாத் தெரியும்."

"அப்புறம் கயிறு எதுக்கு சார் கட்டுனீங்க?"

சார் மங்கி கேப்பைக் கழற்றி மடித்தார். "சும்மா ஒரு இதுக்குத்தான்" என்றார். புல் ஈரமாக இருப்பதைப் பார்க்காமல் காலை நீட்டி அப்படியே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.